வளாகக் காவலர்களைக் கௌரவிப்பது: மூன்று பேரை எப்படித் தெரிவுசெய்வது, என்ன கொடுப்பது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து வாசிப்பவர்களுக்கும் புரியும். இலங்கை மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் நலன்புரிக் குழுவில் இருக்கிறீர்கள். வளாகப் பாதுகாப்பு ஊழியர்களில் சிறப்பாகச் சேவை செய்த மூன்று பேரைத் தெரிவுசெய்து கௌரவிக்கும் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். யாரை, எப்படித் தெரிவுசெய்வது, பொன்னாடையும் நினைவுச்சின்னமும் போதுமா, கம்பனி மூலம் வருகிற காவலர்களையும் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியாக, போன வருடம் இப்படிக் கொடுத்தபோது மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்றும் ஒரு வரி. எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உங்களை எழுத வைத்தது என்று தோன்றுகிறது. என்ன பரிசு என்பதை ஒரு மத்தியானத்தில் பேசி முடித்துவிடலாம். வாங்காதவர்களும் "சரி, அவருக்குக் கொடுத்தது நியாயம்தான்" என்று சொல்லும்படி செய்வதுதான் கஷ்டம்.

நான் பல்கலைக்கழக நிர்வாகத்தில், பெரும்பாலும் தாபனப் பிரிவில், பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நியமனம், விடுமுறை, ஒழுக்காற்று விசாரணை, ஊழியர் பாராட்டு என்று பாதுகாப்புப் பிரிவின் கோவைகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தன. சட்டத்தரணி அல்ல; சட்டம் பற்றிக் கீழே சொல்வது ஒரு நிர்வாகி தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவுதான். காவல் கூண்டில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து டியூட்டி பார்த்தவனும் அல்ல, ஆகவே அந்த வேலையின் உள்ளேயிருந்து பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் இடத்தைப் பற்றி, ஏனென்றால் "சிறந்த சேவை" எது என்பது இடத்தைப் பொறுத்தது. கொழும்பில் ஒரு கட்டடத்துக்கு மதிலும் கேட்டும் இருக்கும், காவலாளி கேட்டில் நின்றால் பாதி வேலை முடிந்தது. மலைநாட்டு வளாகங்கள் அப்படி இல்லை. பேராதனையை எடுத்துக்கொள்ளுங்கள்: 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து அங்கே வந்தபோதே பூங்கா மாதிரித் திறந்த வளாகமாகத்தான் அமைத்தார்கள். ஏறக்குறைய 700 ஹெக்டேர், நடுவே பொதுமக்கள் போய்வரும் கலஹா வீதி, ஒரு பக்கம் மகாவலி, மேலே ஹந்தானை மலைத்தொடர், போதாததற்கு சரசவி உயன என்று ஒரு ரயில் நிலையம். பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் மேடு பள்ளத்தில்தான் நிற்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் காவலர் திருடனை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மூடுபனியில் ஹந்தானை ஏறி வழி தவறிய பிள்ளைகளைத் தேடி டோர்ச் எடுத்துக்கொண்டு போகிறார், விடுதிக்குப் பின்னால் குளவி கலைந்தால் அந்தப் பாதையை மறிக்கிறார், மழை இரவில் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், வளைவில் சறுக்கி விழுந்த மோட்டார் சைக்கிள்காரரைத் தூக்கி உட்கார வைக்கிறார், நடுவில் குரங்கும் துரத்துகிறார். ஆட்களும் ஒரே வகை இல்லை. மாணவர் ஒழுக்கத்தைப் பார்க்கும் மார்ஷல்கள், பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பாதுகாப்பு ஊழியர்கள், டெண்டர் மூலம் வரும் தனியார் கம்பனிக் காவலர்கள். மாணவர்களுக்கு எல்லோருமே செக்யூரிட்டி ஐயாதான். நிர்வாகத்துக்கு மூன்றும் மூன்று கோவை, இதன் விளைவு என்னவென்று பிறகு சொல்கிறேன்.

தெரிவு பற்றி உறுதியாக ஒன்று சொல்ல முடியும். இந்த வேலையில் நன்றாகச் செய்தவரின் சாதனை பெரும்பாலும் நடக்காமல் போன ஒரு சம்பவம். விடுதிச் சண்டை ஒன்று ஆரம்பிக்கும்போதே தணிந்துவிட்டால் அறிக்கை எழுத எதுவும் இல்லை. ஆகவே "பெயர்களைத் தாருங்கள்" என்று மேலே கேட்டால் வரும் பெயர்கள் கண்ணில் படுகிறவர்களின் பெயர்கள். துணைவேந்தரின் கார் வரும்போது விறைப்பாக சல்யூட் அடிப்பவர், செனட் மண்டபத்து வாசலில் நிற்பவர், உடுப்பு மடிப்புக் கலையாமல் இருப்பவர். இவர்கள் மோசமானவர்கள் என்று சொல்லவில்லை, அதுவும் வேலையின் ஒரு பகுதிதான். ஆனால் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை பின்பக்க மகளிர் விடுதிக் கூண்டில் இருப்பவரை எந்தப் பீடாதிபதியும் பார்த்ததே இல்லை. போன வருடம் முகம் சுளித்தவர்களில் அவரும் இருந்திருக்கலாம்.

அதனால் நான் பார்த்தவரை நன்றாக வேலை செய்தது இந்த முறைதான்: மேலதிகாரியிடம் கேட்கும் முன் பதிவேட்டைப் பாருங்கள், பதிவேட்டைப் பார்த்த பின் இரவில் விழித்திருக்கும் ஆட்களிடம் கேளுங்கள். பாதுகாப்புப் பிரிவில் ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு சம்பவப் புத்தகம் இருக்கும். பெரும்பாலான பக்கங்களில் "கடமை பொறுப்பேற்றேன், விசேடம் எதுவும் இல்லை" என்றுதான் இருக்கும், பொறுமை வேண்டும். ஆனால் ஒரு வருடத்துப் புத்தகத்தைப் புரட்டினால் ஒருவரின் கையெழுத்து மட்டும் வேறு மாதிரிப் பேசுவது தெரியும்: நூலகத்துக்குக் கீழே படிக்கட்டில் விளக்கு எரியவில்லை, பராமரிப்புப் பிரிவுக்கு அறிவித்தேன், இன்றும் எரியவில்லை, மீண்டும் அறிவித்தேன், மாணவிகளை மேல் பாதையால் போகச் சொன்னேன். இப்படி விடாமல் எழுதிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும், அவர் பெயர் எந்தப் பாராட்டுப் பட்டியலிலும் வந்ததில்லை, அவருடைய மேற்பார்வையாளர் அவரைத் தொல்லை பிடித்தவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தது ஆட்கள். உப விடுதிப் பொறுப்பாளர்கள், ஆய்வுகூடத்தில் பிந்தும் மாணவிகள், நூலகம் பூட்டும் ஊழியர், சிற்றுண்டிச்சாலையில் அடுப்பு அணைக்கும் கடைசி ஆள், சுகாதார நிலைய அம்புலன்ஸ் சாரதி, விடிகாலையில் கூட்ட வருகிற அம்மாமார். இவர்களிடம் "யார் நல்ல செக்யூரிட்டி?" என்று கேட்காதீர்கள், "எல்லாரும் நல்லவங்கதான் சேர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். "இந்த வருடம் ராத்திரியில் ஏதாவது சிக்கல் வந்தபோது யார் வந்தார், என்ன செய்தார்?" என்று கேளுங்கள். பதில் ஒரு கதையாக வரும். அந்தக் கதையைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் இரண்டாவது ஒருவரிடம் சரிபாருங்கள். இணையப் படிவம் வைத்து வாக்கெடுக்கும் யோசனை வந்தால் வேண்டாம் என்பேன். அது பிரபலத்துக்கான போட்டி ஆகிவிடும், பெரிய பீடத்தின் கேட்டில் நிற்பவர் எப்போதும் ஜெயிப்பார். கருத்துக் கேட்பதானால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கேளுங்கள். முதல் வருடத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதத் தயங்கிச் சும்மா இருந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் தேடினால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விருது மாதிரிகள் நிறையக் கிடைக்கும், வீரச் செயல் விருது, உயிர்காப்பு விருது என்று. அப்படியே இறக்கிக்கொள்ள வேண்டாம். அங்கே பல வளாகங்களில் இருப்பது முழு அதிகாரம் பெற்ற பொலிஸ், பல இடங்களில் துப்பாக்கியோடு. 1990இல் வந்த கிளேரி சட்டத்தின்படி ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 1க்குள் வளாகக் குற்றப் புள்ளிவிபரங்களை வெளியிட்டாக வேண்டும், ஆகவே யார் என்ன செய்தார் என்று பார்க்க ஒரு பொதுப் பதிவு அவர்களுக்கு இருக்கிறது. நம்முடைய காவலருக்கு அந்த அதிகாரம் கிடையாது. 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சாதாரண குடிமகன் ஒருவருக்குத் தருகிற அளவு, அதாவது தன் கண்முன் பாரதூரமான குற்றம் செய்தவரைப் பிடித்துத் தாமதமில்லாமல் பொலிஸிடம் ஒப்படைக்கிற அளவுதான் அவருடைய கை நீளம். கையில் ஒரு டோர்ச்சும் ஒரு விசிலும். அவரிடம் வீரச் செயலை எதிர்பார்த்து விருது வைத்தால் அடுத்த வருடம் யாராவது தகுதி பெறுவதற்காக மகாவலியில் குதிப்பார்.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. எதற்குப் பாராட்டுகிறீர்களோ அதைத்தான் மற்ற காவலர்கள் பாடமாக எடுத்துக்கொள்வார்கள். ஆற்றில் விழுந்தவரைக் காப்பாற்றத் தானும் குதித்தவரை விட, கயிறு எறிந்து, பொலிஸின் 119க்கும் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸுக்கும் அழைத்து, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைக் கரையிலிருந்து தள்ளி நிறுத்தியவர் செய்ததுதான் சரியான காரியம், அதைத்தான் மேடையில் சொல்ல வேண்டும். மழைக் காலத்துக்கும் இதே கணக்கு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறுதல் என்று படிநிலை வைத்திருக்கிறது. ஆனால் மேட்டில் புது வெடிப்பு விழுந்திருப்பதையும், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருவதையும், மின்கம்பம் சாய்ந்திருப்பதையும், நேற்றுவரை பூட்டிய கதவு இன்று இறுகி நிற்பதையும் முதலில் பார்ப்பவர் ரோந்து போகிற காவலர்தான். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலைநாடு முழுக்க மண் சரிந்ததும் நம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெடிப்பைப் பார்த்து, புத்தகத்தில் எழுதி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அறிவித்து, அந்தப் பக்கத்து அறைகளைக் காலி செய்யச் சொல்லி, கடைசியில் மண் சரியவே இல்லையென்றாலும் அவர் விருதுக்கு உரியவர்தான். மண் சரிந்திருந்தால் மட்டும் பாராட்டுவது அதிர்ஷ்டத்துக்குப் பரிசு கொடுப்பது.

அப்புறம் பகிடிவதை, அதாவது ராகிங். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மிகப் பெரிய சேவையும் மிகப் பெரிய ஆபத்தும் இங்கேதான். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் இறந்தார். அடுத்த வருடம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது; பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் துன்புறுத்தலோ பாரதூரமான காயமோ நேர்ந்தால் பத்து வருடம் வரை. சட்டம் காகிதத்தில் பலமானது. அதை இரவு பதினொரு மணிக்கு விடுதிக்குப் பின்னால் உயிர்ப்பிக்க வேண்டியவர், வயதில் தன் மகன் மாதிரியான முப்பது பேரின் முன்னால் தனியாக நிற்கிற ஒரு காவலர். நாளைக்கும் அதே பிள்ளைகள் அதே கேட்டால்தான் போவார்கள். சிலர் கண்டும் காணாமல் போகிறார்கள், அது உண்மை, அவர்களை மன்னிக்கச் சொல்லவில்லை, ஆனால் ஏன் என்று புரிந்துகொள்ளலாம். போகாமல் நின்று, முதல் வருடத்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மார்ஷலிடம் ஒப்படைத்து, விசாரணையிலும் வந்து சாட்சி சொன்ன ஒருவர் உங்கள் வளாகத்தில் இருந்தால் என் பார்வையில் அவருக்குத்தான் முதலிடம். ஆனால் அவரை மேடையில் ஏற்றிக் கதையைச் சொல்லாதீர்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கலாம், பாதிக்கப்பட்ட பிள்ளை யாரென்று சபையில் பாதிப் பேர் ஊகித்துவிடுவார்கள், அவரும் அடுத்த வாரம் இருட்டில் தனியாக ரோந்து போக வேண்டியவர். முதலில் அவரிடமே தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் "வேண்டாம் சேர்" என்பார். அப்படியானால் துணைவேந்தர் கையொப்பமிட்ட ஒரு கடிதம், அறைக்குள் ஒரு தேநீர், அவருடைய பேர்சனல் பைலில் ஒரு பிரதி. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு ஆட்சேபனை இல்லையா என்பதையும் ஆலோசகர் வழியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சாட்சிகளைப் பாதுகாப்பதற்கென்று 2023இல் புதுப்பித்த தனிச் சட்டமே இருக்கிறது, அதைக் காட்டிப் பேசினால் நிர்வாகமும் கவனமாக இருக்கும்.

இனி கம்பனிக் காவலர்கள். சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து, இது கருத்துதான், விதி அல்ல. விதி எதிர்ப்பக்கம் நிற்கும். பெரும்பாலான பாராட்டுத் திட்டங்களில் "கல்விசாரா ஊழியர்" என்று எழுதியிருக்கும், அந்த இரண்டு வார்த்தைக்குள் கம்பனி ஆள் வரமாட்டார். கணக்காய்வில் கேள்வி வரும் என்று நிதிப் பிரிவு தயங்கும். அதற்கு வழி இருக்கிறது: பணப் பரிசானால் பல்கலைக்கழக நிதியைத் தொடாமல் நலன்புரிச் சங்கம் அல்லது பழைய மாணவர் சங்கம் வழியாகக் கொடுங்கள். கடிதமும் கௌரவமும் பல்கலைக்கழகத்தின் பெயரில் போகட்டும், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. இருந்தாலும் பதிவாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஆனால் அவர்களைச் சேர்க்கும் முன் ஒரு வேலை இருக்கிறது, கொஞ்சம் சங்கடமான வேலை. தனியார் பாதுகாப்புக் கம்பனிகள் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கென்று சம்பளச் சபை இருக்கிறது, குறைந்தபட்சச் சம்பளமும் மேலதிக நேரக் கொடுப்பனவும் அதன் கீழ் வரும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதமும் கம்பனியின் 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்குக் கம்பனியின் 3 சதவீதமும் போக வேண்டும். இதுவரை சந்தேகமில்லாத விஷயம். நடைமுறையில் 12 மணி நேர ஷிப்ட்டில் நிற்பவருக்குச் சம்பளச் சீட்டே கையில் வராத இடங்களை நான் கண்டிருக்கிறேன். வேலையை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடை இன்னும் நுட்பமானது. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உரியது. டெண்டர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கைமாறும்போது, அதே கேட்டில் அதே மனிதர் புதுக் கம்பனியின் உடுப்போடு நிற்பார். பத்து வருடம் ஒரே வளாகத்தைக் காத்தவருக்கு எந்தக் கம்பனியிலும் ஐந்து வருடம் நிறைவாகாது. இப்படிப்பட்டவரின் தோளில் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துப் போட்டால், அவருடைய கூட்டாளிகள் முகம் சுளிப்பதில் என்ன ஆச்சரியம்? உங்கள் குழுவால் டெண்டரை மாற்ற முடியாது. ஆனால் கௌரவிக்கப்போகும் ஆட்களின் சேமலாப நிதி ஒழுங்காகப் போகிறதா என்று நிதியாளருக்கு ஒரு கடிதம் எழுத முடியும். வெறும் கேள்விதான், ஆனால் எழுத்தில் வந்த கேள்விக்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும்.

கம்பனியிடம் தகவல் சொல்லுங்கள், தெரிவை மட்டும் கையில் கொடுக்காதீர்கள். கம்பனிக்குச் சிறந்தவர் என்பது பெரும்பாலும் லீவு கேட்காதவர், சம்பளம் பிந்தினாலும் வாய் திறக்காதவர். படங்களைத் தங்கள் விளம்பரத்துக்குப் போடலாமா என்று கேட்பார்கள், அந்தந்தக் காவலரின் சம்மதம் இல்லாமல் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பாராட்டினால் ஆட்கள் கூடுதலாக உழைப்பார்களா என்று நிர்வாகத்தில் யாராவது கேட்பார்கள். இங்கே எனக்கு உறுதி குறைவு. ஜானா காலஸ் என்ற ஆய்வாளர் ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பணம் எதுவும் இல்லாமல் வெறும் விருதுக் குறியைக் கொடுத்துப் பார்த்தார்; அடுத்த மாதமும் எழுதத் தங்கியவர்களின் பங்கு ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. மறுபக்கம், அமெரிக்காவில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் ஒழுங்காக வேலைக்கு வருவதற்குப் பரிசு வைத்தபோது, ஏற்கனவே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் உற்பத்தி 6 முதல் 8 சதவீதம் வரை விழுந்ததாகக் கண்டார்கள். எப்போதும் செய்கிற காரியத்துக்குத் திடீரென்று யாரோ பரிசு வாங்குவதைப் பார்த்து அவர்களுக்கு மனம் விட்டுப்போயிருக்க வேண்டும். இரண்டும் காவலர்களைப் பற்றியவை அல்ல, நம் நாட்டில் நடந்தவையும் அல்ல, ஆகவே இதிலிருந்து நான் எடுக்கும் பாடம் சின்னது: வரவு ஒழுங்குக்கும் நேரம் தவறாமைக்கும் விருது வைக்காதீர்கள். அவை சம்பளத்துக்குள் வருகிற விஷயங்கள். பதுளை வீதியில் மண் விழுந்து பஸ் வராத நாளில் பிந்தியவரைத் தள்ளிவைக்கிற விருது எந்த வகையிலும் நியாயமாகாது.

என்ன கொடுப்பது என்பதற்கு நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. பொன்னாடை போர்த்துங்கள், மாலை போடுங்கள், சிங்கள நண்பர்களுக்கு வெற்றிலை கொடுத்து அழையுங்கள், அதெல்லாம் மரியாதை, யாருக்கும் நஷ்டமில்லை. மழைக்கோட்டும் பூட்சும் டோர்ச்சும் பரிசாகக் கொடுக்க வேண்டாம், அவை முதல் நாளே கையில் இருந்திருக்க வேண்டிய சாமான்கள், பரிசு என்று கொடுத்தால் இதுவரை கொடுக்கவில்லை என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் கேட்டறிந்தவரை அவர்கள் மதிப்பது சம்பளத்தோடு ஒரு நாள் லீவு, வீட்டுக்காரர்களைக் கூட்டிவர ஒரு வான், அவர்கள் உட்கார முன்வரிசையில் இடம். விழா நேரத்தையும் யோசியுங்கள். காலை பத்து மணி என்று வைத்தால் இரவு ஷிப்ட் முடிந்தவர் தூங்காமல் வர வேண்டும், பகல் ஷிப்ட்காரர் கூண்டை விட்டு வரமுடியாது. ஷிப்ட் மாறுகிற நேரத்தை ஒட்டி வையுங்கள், பதில் ஆள் போடச் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள், இல்லையென்றால் கௌரவிக்கப்பட்டவரின் அன்றைய சம்பளத்தில்தான் கை வைப்பார்கள்.

மற்றவர்களின் முகச்சுளிப்புக்கு மருந்து என்று சொன்னால் எனக்குத் தெரிந்தது இரண்டு. என்ன அடிப்படையில் தெரிவுசெய்யப் போகிறோம் என்பதைத் தெரிவுக்கு முன்பே எல்லாக் கூண்டிலும் சிங்களத்திலும் தமிழிலும் ஒட்டிவிடுங்கள். அடுத்தது, "ஆண்டின் சிறந்த பாதுகாப்பு ஊழியர்" என்று பட்டம் கொடுக்காதீர்கள், ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காகக் கௌரவியுங்கள். சிறந்தவர் என்றால் மற்றவர்கள் அவருக்குக் கீழே என்று ஆகிறது. இன்ன தேதியில் இன்னது செய்தார் என்றால் அதை மறுக்க யாராலும் முடியாது, "அன்றைக்கு நானும் பக்கத்தில் இருந்தேன்" என்று சொல்லிக்கொள்ளக்கூட ஆள் வரும். முதல், இரண்டாம், மூன்றாம் இடம் வேண்டாம். அந்த மூன்று என்ற எண்ணையும் யார் எதற்கு வைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ஷிப்ட் முழுவதும் சேர்ந்து செய்த காரியமானால் அந்த ஷிப்ட்டையே அழைக்கலாம்.

பரிசைவிட நான் அதிகம் நேரம் செலவழிக்கச் சொல்வது கடிதத்தில். பிரேம் போட்ட சான்றிதழில் "அர்ப்பணிப்புமிக்க சேவையைப் பாராட்டி" என்று பொன் எழுத்தில் இருந்தால் சுவரில் மாட்டலாம், வேறு எதற்கும் உதவாது. டெண்டர் மாறி வேறு கம்பனிக்கு விண்ணப்பிக்கும்போதோ, பிள்ளையை ஸ்கூலில் சேர்க்கப் போகும்போதோ எடுத்துக்காட்டக்கூடிய ஒரு கடிதம் வேண்டும், அதில் நடந்தது இருக்க வேண்டும். நானே கற்பனையாக ஒன்று எழுதிக் காட்டுகிறேன்: "திரு. இன்னார், ஒக்டோபர் மாதம் இன்ன தேதி இரவு கனமழையின்போது, மகளிர் விடுதிக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் புதிய வெடிப்பைக் கண்டு, 11.40 மணிக்குப் பதிவேட்டில் குறித்து, விடுதிப் பொறுப்பாளரை எழுப்பி, மேட்டுப் பக்க அறைகளில் இருந்த மாணவிகளை முன்மண்டபத்துக்கு மாற்ற உதவினார். மறுநாள் பரிசோதனை முடியும்வரை அந்தப் பாதையில் எவரையும் அனுமதிக்கவில்லை. இந்தச் செயலுக்காகப் பல்கலைக்கழகம் அவருக்கு நன்றி தெரிவிக்கிறது." இவ்வளவுதான். பெயரடைகளே தேவையில்லை. அவருடைய வீட்டில் வாசிக்கிற மொழியில் மூலப்பிரதி இருக்கட்டும், வேலைக்குக் காட்ட ஆங்கிலத்தில் ஒரு பிரதி சேருங்கள். பெயரையும் முதலெழுத்தையும் அடையாள அட்டையைப் பார்த்து எழுதுங்கள், தமிழ்ப் பெயர் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய் வரும்போது ஆளே மாறிவிடுகிறார். கீழே உறுதிப்படுத்திக்கொள்ளப் பதிவாளர் அலுவலகத் தொலைபேசி இலக்கம். நிரந்தர ஊழியரானால் ஒரு பிரதி பைலுக்கு, கம்பனி ஆளானால் ஒரு பிரதி கம்பனிக்கும் ஒன்று பாதுகாப்புப் பிரிவுக்கும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். நீங்கள் தெரிவுசெய்து விழா வைப்பதற்குள் கம்பனி அவரை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கும், இது அடிக்கடி நடக்கும். அதற்காகப் பெயரை நீக்கிவிட்டு அடுத்தவரைப் போடாதீர்கள். தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள், வர முடிந்தால் விருந்தாளியாக வரட்டும். வர முடியாவிட்டால் கடிதத்தைக் கம்பனி முகவரிக்கு அனுப்ப வேண்டாம், வீட்டுக்கு அனுப்புங்கள். வீடு தோட்டத்து லயத்தில் என்றால் தபாலையும் நம்ப வேண்டாம், பல தோட்டங்களில் இன்னும் வீட்டுக்கு வீடு முகவரி கிடையாது, கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய் அங்கேயே கிடக்கும். அந்தப் பக்கத்து மாணவர் ஒருவர் லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்து அனுப்புங்கள்.